வெளுக்காத மீன்கள்

என் கணவர் ஜெயராஜ் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, என்னுடைய டீ வடிகட்டியை எடுத்து மீன் தொட்டியில் மிதந்த தீனியை அள்ளியது.

"இன்னாங்க, அதுலதான நான் டீ வடிகட்டணும்" என்றேன் அடுப்படியிலிருந்து.

"மீன் தீனியில சத்து கீது. உனுக்கும் தேவைதான்" என்றார்.

வடிகட்டியை உதறித் தொட்டியின் பக்கத்தில் வைத்தார். "நேத்து புள்ள கிருபா ஒரு தபா, நீ ஒரு தபா, நான் ஒரு தபான்னு மூணு வாட்டி போட்டுட்டோம். இன்னிக்கு யாரும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டி.வி.எஸ். ஐம்பதை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். அது 2009 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. சிப்காட்டுக்குத் திரும்பும் இடத்தில், நெடுஞ்சாலையில், ஒரு லாரி. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மீன்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

அவர் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டியில், துணிகளுக்கான சாயம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில். சாயம் கலக்கும் இடத்தில் அல்ல, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடும் இடத்தில். அங்கே எல்லோரும் அதை ஈ.டி.பி. என்பார்கள். சுத்தம் செய்த தண்ணீரில் மீன்களை விட்டு நான்கு நாள் வைத்திருக்க வேண்டும், பத்தில் குறைந்தது ஒன்பது பிழைக்க வேண்டும் என்பது விதி. அந்த மீன்களை வாங்கி வருவது, விடுவது, நாலாம் நாள் எண்ணுவது எல்லாம் என் கணவருடைய பொறுப்பு.

பிழைத்த மீன்களை அவர் வாசலோரம் இருந்த சிமெண்ட் தொட்டியில் விட்டுவிடுவார். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே கட்டிய தொட்டி அது. எங்கள் தண்ணீரில் மீனே வாழ்கிறது பாருங்கள் என்று சொல்வதற்கு. அதில் இருந்த மீன்களுக்கு அவர் வைத்த பெயர் ரிட்டையர்டு. "இன்னிக்கு ஒம்போது பேரு ரிட்டையர்டு ஆனாங்க" என்று சாப்பிடும்போது சொல்வார். பத்தாவதைப் பற்றி நான் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார். அந்த நாட்களில் மட்டும் இரண்டாவது முறை சோறு வாங்க மாட்டார்.

சோதனைக்கு வேண்டியவை சீப்ரா என்கிற சின்ன மீன்கள். விரல் நீளம்கூட இருக்காது. வெள்ளி உடம்பில் நீலக்கோடுகள். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ரஷீத் பாயின் கடையில் வாங்குவார். ரஷீத் பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் மற்றவர்கள் எல்லோரும் சாப்பிடுகிற மீனை விற்க, இவர் மட்டும் பார்க்கிற மீனை விற்க வந்தவர். "எங்க வாப்பா ஊர்ல இன்னும் வெளில சொல்லல. மீன் யாவாரம்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கிறாங்க" என்பார்.

2006இல், கோடை முடிகிற சமயம், சோதனை மீன்களோடு சேர்த்து இன்னொரு பொட்டலம் கொடுத்தார் ரஷீத் பாய். அதில் ஆறு மீன்கள். வடிவம் சீப்ராதான். ஆனால் செக்கச்செவேல் என்று இருந்தன.

"இன்னா பாய் இது, ஊசி போட்டதா?" என்று கேட்டிருக்கிறார் என் கணவர். அந்த நாட்களில், உடம்பு கண்ணாடிபோல் இருக்கும் ஒரு வகை மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பார்கள். ரஷீத் பாய் அதைக் கடைக்குள் விட மாட்டார்.

"தெரியலியே ஜெயராஜண்ணே. சிங்கப்பூர்லருந்து வந்த பெட்டியில இருந்துச்சுன்னு கொளத்தூர் மொத்தக் கடைக்காரன் சும்மா குடுத்தான். நீங்க சாயக் கம்பெனி ஆளு. எத்தினி நாள்ல வெளுக்குதுன்னு பாத்து சொல்லுங்க. ஊசின்னா நான் திருப்பி அனுப்பிடறேன்."

அப்படித்தான் அந்த ஆறும் எங்கள் வீட்டுக்கு வந்தன. பெத்திக்குப்பத்தில் அப்போது வாடகை வீடு. முன்னறையில் இரண்டரை அடித் தொட்டி. அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டை, இவருடன் வேலை செய்த வரதன் வெல்டிங் அடித்துக் கொடுத்திருந்தான்.

"மட்டமான சாயம். முப்பது நாள் தாங்காது" என்றார் இவர்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு ஷேடு கார்டு கொண்டுவந்தார். நிறத்துக்கு நிறம் சின்னத் துணித்துண்டுகளை ஒட்டி, கீழே எண் போட்டிருக்கும் அட்டை அது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், அட்டையைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்து, மீன் பக்கத்தில் வரும்வரை காத்திருப்பார்.

"பதினேழு" என்றார் முதல் ஞாயிறு.

இரண்டாம் ஞாயிறும் பதினேழு. மூன்றாம் ஞாயிறு தண்ணீரை முழுதும் மாற்றிப் பார்த்தார். பதினேழு. நான்காம் ஞாயிறு நான் நாஷ்டாவை வைத்துக்கொண்டு காத்திருக்க, அவர் அட்டையும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுகி, இந்த மாதிரி ஒரு செவப்ப நம்ம கம்பெனி பண்ணா, ஊருல ஒரு சட்ட வெளுக்காது."

"மீன் வெளுக்கலன்னா உங்களுக்கு இன்னா கஷ்டம்? இட்லி ஆறுது."

"தோத்துப் போறது கஷ்டமா இல்லியா?"

கிருபா எங்கள் மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு. தெருவில் கோலி விளையாடி ஒருவரையும் விட்டுவைக்காமல் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த கோலிகளை வீட்டுக்குள் உருட்டிவிட்டு, நான் வழுக்கி விழப் பார்த்த நாளில், எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டிக்குள் போட்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று. தொட்டியின் அடியில் பச்சையும் நீலமுமாக அழகாகத்தான் இருந்தது. அதன் விளைவு எங்கள் யாருக்கும் தெரியாது. சீப்ரா மீன்கள் முட்டையிட்ட கையோடு திரும்பி வந்து அவற்றைத் தின்றுவிடும். அடியில் கோலிகள் இருந்தால் முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பித்துவிடும். மீன் வளர்க்கிறவர்கள் குஞ்சு எடுப்பதற்கென்றே செய்கிற வேலை அது என்று ரஷீத் பாய் பிறகு சொன்னார்.

கிருபாதான் முதலில் பார்த்தாள். கண்ணாடித் தூள்போலச் சில, தண்ணீரின் மேல்மட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தன. இவருக்கு ஒரே சந்தோஷம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டினார். பதினொன்று தேறின. சில வாரங்களில் அவற்றின் முதுகில் ஒரு நிறம் ஏறத் தொடங்கியது. இவர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

"பதினாலு" என்றார் மெதுவாக. "பதினஞ்சு ஆயிடும் போல."

"ஆவட்டுமே."

"சுகி, சாயம் புள்ளைக்கு வராதுடி. என் கையி பதினோரு வருசமா நீலமா கீது. கிருபா நீலமாவா பொறந்தா?"

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவேன். கிளை நூலகத்தில் பழைய அறிவியல் மாத இதழ்கள் ஒரு மூலையில் அடுக்கியிருக்கும். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது. கடலில் இருக்கும் ஒரு பவள உயிரின் மரபணுவை எடுத்து சீப்ராவின் முட்டைக்குள் செலுத்தி உண்டாக்கிய மீன். நிறம் தோலில் இல்லை, பிறப்பிலேயே இருக்கிறது. சில நாடுகளில் விற்கிறார்கள், சில நாடுகளில் தடை. நம் நாட்டில் அனுமதி கொடுக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அவர் சாப்பிடும்போது வாசித்தேன்.

"இன்னொண்ணு கேளுங்க. இத முதல்ல எதுக்குப் பண்ணாங்க தெரியுமா? தண்ணி அழுக்கானா மீன் ஒளி விட்டுக் காட்டிக் குடுக்கணும்னு, அதுக்கான ஆராய்ச்சியாம்."

பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது. "அட, நம்ம டிபார்ட்மெண்டு" என்றார்.

கிருபா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, அப்ப இது கடவுள் செஞ்ச மீனா, கம்பெனி செஞ்ச மீனா?"

"மீனு கடவுளு. கலரு கம்பெனி."

"குட்டி?"

அன்று முழுதும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்று நினைக்கிறேன். மாலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பழைய கொசுவலையை வெட்டித் தொட்டியின் மேல் போட்டு, செம்புக் கம்பியால் நான்கு பக்கமும் கட்டினார். கட்டுவதற்கு முன், கையை விட்டுக் கோலிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கழுவி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினார்.

"கோலி இல்லன்னா முட்டைய அதுங்களே தின்னுடும்பா" என்றாள் கிருபா. அவள் வகுப்பில் ஏழு பேருக்குக் குட்டி தருவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"தின்னட்டும். அது அதுங்க வழக்கம்."

"பாவம்பா."

"கீறது பதினேழு பேரு. பதினேழு பேரையும் சாவற வரைக்கும் ராஜா மாதிரி வச்சிக்கலாம். புதுசா ஒண்ணு வேணாம். ஒண்ணுகூட வெளில போவ வேணாம். சரியா?"

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சொல்லியும் விட்டேன். "கம்பெனித் தண்ணில மீன உட்டு சாவுதா பொழைக்குதான்னு எண்ற ஆளு நீங்க. உங்களுக்கு இந்தச் செவப்பு மீனுலதான் பாவ புண்ணியம் தெரியுதா?"

அவர் கோபிக்கவில்லை. யோசித்தார். "நீ கேக்கறது நாயந்தான். அந்த மீனுங்க கணக்க நான் மேல போயி சொல்லணும். ஆனா எனக்கு அங்க இன்னா வேல? உள்ள வந்தது வெளில போவாம பாத்துக்கறது. அத ஊட்லயும் செய்யறேன், அவ்ளோதான். இது ஓடைல போயி, ஏரில போயி, நம்மூரு சீப்ராவோட கலந்துச்சின்னா, திருப்பி எடுக்க எவன் கைல வல கீது?"

ரஷீத் பாய் இந்த மரபணுச் செய்தி கேட்டு வீட்டுக்கே வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தொட்டியையே பார்த்தார்.

"ஜெயராஜண்ணே, மெட்ராஸ்ல இதுக்கு ஆளுங்க க்யூல நிப்பாங்க. நீங்க குஞ்சு எடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

"வேணாம் பாய்."

"நாம படைக்கலியே. எவனோ எங்கியோ செஞ்சான். நம்ம கைக்கு வந்துடுச்சு. வந்த உசுர தொரத்த முடியுமா?"

"வந்த உசுர நான் பாத்துக்கறேன். வராத உசுர எதுக்கு வா வான்னு கூப்புடணும்?"

ரஷீத் பாய் டீயை முடித்துவிட்டு, "உங்களோட பேஜாருண்ணே" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். ஆனால் போகும்போது, கொளத்தூர்க்காரர் இன்னொரு பெட்டி தந்தால் வாங்க மாட்டேன் என்று வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரகசியம் என்று யாரும் சொல்லவில்லை. வரதனுக்குத் தெரிந்தது, வரதன் மூலம் தொழிற்சாலைக்குத் தெரிந்தது. மேனேஜர் துளசிராமன் இவரைக் கூப்பிட்டார். அந்த மாதம் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருவதாக இருந்தது.

"நம்ம ஷோ தொட்டில இருக்கற மீனெல்லாம் அழுது வடியுது. உன் செவப்பு மீன ஒரு நாளைக்குக் கொண்டாந்து உடு. பளிச்சுனு இருக்கும்."

"அந்தத் தொட்டிக்கு வழிசல் குழாய் கீது சார். ஒரு மழ பெஞ்சா நேரா ஓடைக்குத்தான்."

"ஒரு நாளைக்குத்தானய்யா."

"வேணாம் சார்."

"பர்மனெண்ட் லிஸ்ட்டு என் டேபிள்லதான் இருக்கு ஜெயராஜ். நெனவு இருக்கட்டும்."

இவர் அதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் ஒப்பந்த ஆளாகவே இருந்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருடம் ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள்.

ஆய்வு நாளன்று இவருக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். ஒன்பது மணிக்கு வரதன் பெயிண்ட் பக்கெட்டோடு வந்து நின்றான்.

"அண்ணி, சார் அனுப்சாரு. அந்த ஆறு பெரிய மீன் மட்டும். அண்ணன் சரின்னு சொல்ட்டாரு."

அவர் சரியென்று சொல்லியிருந்தால் காலையில் தானே எடுத்துக்கொண்டு போயிருப்பார். அது எனக்குத் தெரியும். வரதன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டாண்டின் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். தெரிந்துதான் செம்புக் கம்பியை அவிழ்த்தேன். ஆறையும் பிடித்து பக்கெட்டில் விட்டேன். வழியில் வெயில் பட்டு மீன் சூடாகிவிடக் கூடாதென்று ஈரச் சாக்கு வேறு கொடுத்தனுப்பினேன்.

பிறகு நடந்ததை இவரும் வரதனும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பல முறை சொல்லியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலவே இருக்கிறது.

வந்தது ஒரு பெண் அதிகாரி. குனிந்து தொட்டியைப் பார்த்தார். சாதாரண மீன்களுக்கு நடுவே ஆறும் தீக்கங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த மீன் ஏன் இவ்ளோ சிவப்பா இருக்கு?"

"எல்லாம் நம்ம தண்ணியோட குவாலிட்டி மேடம்" என்றார் துளசிராமன்.

அதிகாரி நிமிர்ந்தார். "இந்த மாசம் உங்க கம்பெனியில எந்தக் கலர் ஓடுது?"

துளசிராமன் வாயைத் திறப்பதற்குள் வரதன் உதவிக்கு வந்தான். "செவப்புதான் மேடம்."

பிறகு அதிகாரி, வெளியே போகும் தண்ணீரை உடனே நிறுத்தச் சொன்னார். தொட்டியிலிருந்து நான்கு பாட்டில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். "மீனுக்கே சாயம் ஏறியிருக்கு. அதையும் ஷோவுல வச்சிருக்கீங்க" என்றார்.

துளசிராமனுக்கு வியர்த்து, ஆள் விட்டு இவரைக் கூப்பிட்டார். இவர் பம்ப் அறையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த பக்கெட்டைப் பார்த்தார். அதன் மேல் கிடந்த ஈரச் சாக்கையும் பார்த்தார். எங்கள் வீட்டு அரிசிச் சாக்கு அது.

"மேடம், இது சாயம் இல்ல" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அதே தொட்டில ரிட்டையர்டு முப்பது பேரு மாசக் கணக்கா கீறாங்க. எவனாவது ஒருத்தன் செவந்திருக்கானா பாருங்க. இந்த ஆறு பேரும் வந்து ரெண்டு மணி நேரம்தான் இருக்கும்."

அதிகாரி மறுபடி குனிந்து பார்த்தார். முப்பதும் வெள்ளியும் நீலமுமாகவே இருந்தன. "ரிட்டையர்டா?" என்று கேட்டாராம். விளக்கியதும் சிரித்துவிட்டாராம். துளசிராமனும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தபோது அவர் நிறுத்திவிட்டார்.

"அப்ப இது என்ன மீன்?"

இவர் எல்லாவற்றையும் சொன்னார். சிங்கப்பூர்ப் பெட்டி, பதினேழாம் எண், கோலிகள், கிளை நூலகம், பவளம். எதையும் விடவில்லை.

"இதுக்கு இங்க அனுமதி இல்லன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். எங்க சம்சாரம் படிச்சி சொன்னாங்க. அதான் ஊட்ல வல கட்டி, குஞ்சு வராம வச்சிக்கினு இருக்கேன். சாவடிக்க மனசு வரல."

"பின்ன இங்க யார் கொண்டுவந்தது?"

வரதன் தன் செருப்பைப் பார்த்தான். துளசிராமன் வானத்தைப் பார்த்தார். இவர் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்லருந்து வந்துச்சு மேடம்."

அதிகாரி சற்று யோசித்துவிட்டு, "எண்ணி எடுத்துட்டு போங்க. ஒண்ணு வெளிய போச்சுன்னாலும் தப்பு உங்க பேர்லதான்" என்றார். பாட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் பிறகு சோதனையில் தேறியது.

எண்ணி எடுத்தார். ஐந்துதான் இருந்தன.

அன்று மதியம் வெயிலில், வழிசல் குழாய் போய் விழும் கால்வாய் ஓரமாக என் கணவர் குப்புறப் படுத்துக்கொண்டு வலையால் துழாவினார். வரதன் முழங்கால் சேற்றில் இறங்கி எதிர்ப்பக்கத்திலிருந்து விரட்டினான். இரண்டு தவளை, ஒரு தண்ணீர்ப் பாம்பு, யாருடையதோ ஒற்றைக் கையுறை. மீன் இல்லை. மூன்று மணிக்கு, தொட்டியையே இறைத்துப் பார்க்கலாம் என்று இவர் பம்பை எடுத்து வந்தபோதுதான் துளசிராமன் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"நீ வல எடுக்கப் போனப்ப ஒண்ண நான்தான்யா எடுத்து வச்சேன். பேரனுக்குப் பொறந்த நாளு."

இவர் சேறு சொட்ட நின்றார். வரதன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பேரனுக்கு ரிட்டையர்டுல ரெண்டு தரேன் சார். நாலு நாள் தாக்குப் புடிச்ச வீரனுங்க. இது வேணாம்" என்று சொல்லி பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு வழிசல் குழாயின் வாய்க்குக் கொசுவலை கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தவர் ஆறையும் தொட்டியில் விட்டார். செம்புக் கம்பியைக் கட்டினார். குளித்தார். சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"கேளுங்களேன்" என்றேன் கடைசியில்.

"இன்னாத்த கேக்கறது? பர்மனெண்டு ஆவட்டும்னு குடுத்த. எனக்காவத்தான குடுத்த."

"ஆமா."

"என்ன கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"அதனாலதான் கேக்கல."

"ஆமா."

"தேவலாம். பொய்யாச்சும் சொல்லாம கீற" என்றார். அப்புறம், "சாக்குப் போட்டு அனுப்பன பாரு, அதான் எனக்குத் தாங்கல. திருட்டுல இன்னா பாசம்" என்று சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கிருபா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

லிஸ்ட்டில் அந்த வருடம் அவர் பெயர் இல்லை. அடுத்த வருடமும் இல்லை. 2008 நவம்பரில் வந்தது. அவர் பர்மனெண்டாக இருந்தது பதினோரு வாரம்.

அதற்குள் பெரிய மீன்கள் ஆறும் ஒவ்வொன்றாக வயதாகிப் போய்விட்டன. குஞ்சுகளில் நான்கு மிச்சம். ஒவ்வொன்றும் சாகும்போது மல்லிகைத் தொட்டியில் புதைப்பார். "இன்னொரு பூ செவப்பா பூக்கப் போவுது பாரு" என்பார். மல்லிகை வெள்ளையாகவேதான் பூத்தது.

அவர் போன வாரத்தில் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் தொட்டியின் முன்னால் போய் நின்றார்கள். நின்றவர்கள் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தீனி போட்டார்கள். கோயில் சபைக்காரர்கள் போட்டார்கள். வரதன் போட்டான். துளசிராமன்கூட வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை போட்டார். இன்றைக்கு யாரும் போடாதீர்கள் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. நான்காம் நாள் தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. நான் எழுந்து தண்ணீரை மாற்றியபோது இரண்டு மீன்கள்தான் உயிரோடு இருந்தன. அவர் போன பிறகு நான் செய்த முதல் வேலை அதுதான்.

ஒன்று ஆண், ஒன்று பெண். மார்ச்சில் பெண்ணின் வயிறு உருண்டு வந்தது. கிருபாவுக்கு அப்போது பதிமூன்று வயது. அவளும் கவனித்திருக்கிறாள்.

"அம்மா, முட்ட வச்சிருக்கு."

"ம்."

"கோலியப் போட்டா குஞ்சு வரும்மா. இதுங்களும் போயிட்டா அப்பா மீனுன்னு ஒண்ணுமே இருக்காது."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை நான்தான் இறக்கினேன். கிருபா இறக்கவில்லை. தட்டில் கொட்டினேன். சோப்புப் போடாமல், வெறும் தண்ணீரில், ஒவ்வொன்றாகக் கழுவினேன். செம்புக் கம்பியின் ஒரு பக்கத்தை அவிழ்த்தேன். முதல் கோலியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் பிடித்திருந்ததால் அது இன்னும் விழவில்லை. அந்தப் பெண் மீன் வந்து என் விரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

அதன் நிறத்தை அன்று ஷேடு கார்டு வைத்துப் பார்க்கவில்லை. பதினேழாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு தடவை அவரைக் கேட்காமல் கொடுத்தேன். அப்போது அவர் இருந்தார். சேற்றில் படுத்துத் தேடி, எண்ணிக் கொண்டுவந்து சேர்த்தார். இப்போது தேட ஆளில்லை. கையை வெளியே எடுத்தேன்.

"ஏம்மா?"

"அப்பா வேணாம்னு சொன்னாரு."

"அப்பாதான் இல்லியே."

"அதனாலதான்டி."

கிருபா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே கோலிகளைத் துடைத்து பாட்டிலில் போட்டாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கேட்டாள். பிறகு, வேண்டாம், நாற்பத்து மூன்றாகவே இருக்கட்டும் என்று அதையும் போட்டாள்.

அடுத்த நாள் காலை முட்டைகளை அவை இரண்டும் சேர்ந்து தின்றன. நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். ஆண் மீன் கடைசியாக 2010 மழைக்காலத்தில் போனது. மல்லிகைத் தொட்டியில் இடம் இருந்தது.

வரதன் வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் சமயம், ரிட்டையர்டு இரண்டு பேரைக் கொண்டுவந்து தருகிறான். இப்போது தொட்டியில் இருப்பது அவைதான், வெள்ளியும் நீலமுமாக. டீ வடிகட்டி இரண்டு முறை மாறிவிட்டது. வீடும் மாறிவிட்டது. கோலிகள் நாற்பத்து மூன்றும் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில், அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கின்றன.